இரண்டு கங்காக்களும் ஒரு காதும்

சென்னையில் ‘கவுன்சிலிங்’ என்றால் ரொம்ப வருஷத்துக்கு ஒரே அர்த்தம்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளை அப்பாவோடு கிண்டிக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்து, ஒரு பொறியியல் சீட்டைப் பிடித்துக்கொண்டு வருவது. இன்றைக்கும் மயிலாப்பூரில் ஒரு மாமியிடம் “கவுன்சிலிங் போயிண்டிருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். “எந்தக் காலேஜ் கெடச்சுது?” என்பார். இன்னொரு அர்த்தம் போலீஸ் செய்திகளில் வரும். பைக் ரேஸ் விட்ட பையன்களைப் பிடித்து, எச்சரித்து, ‘கவுன்சிலிங் கொடுத்து’ பெற்றோருடன் அனுப்பிவைப்பார்கள். அதாவது ஒருவர் பேசுவார், மற்றவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

தமிழ்ப்படுத்தியும் இதிலிருந்து தப்பிக்க முடியவில்லை. ‘மனநல ஆலோசகர்’ என்கிறோம். ஆலோசனை சொல்பவர்தானே ஆலோசகர்? நமக்கு வாழ்க்கையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஆலோசனைக்கு வந்ததில்லை. பெரியப்பா, அத்தை, கீழ்வீட்டுக்காரர், ஆட்டோ அண்ணன் என்று எல்லோரும் இலவசமாகத் தருகிறார்கள். அதையே காசு கொடுத்து வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் முதல் நாள் அந்த அறைக்குள் நுழைகிறார்கள். என் நண்பன் ஒருவன் மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிட்டான். “அவங்க ஒண்ணுமே சொல்லலடா. நானே பேசிட்டு நானே காசு குடுத்துட்டு வரேன்” என்றான். அவன் எதிர்பார்த்துப் போனது எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது. நம் சொல்லும் நம் சினிமாவும் சேர்ந்து மனச்சிகிச்சைக்குப் பெரிய வாயை வைத்துவிட்டன, காது வைக்கவில்லை என்பது என் கட்சி.

சினிமாவிலிருந்தே தொடங்கலாம். 2005 ஏப்ரல் 14 அன்று ‘சந்திரமுகி’ வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூனில், ‘அந்நியன்’. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மனநோய் பற்றித் தெரிந்ததில் பாதி இந்த இரண்டு படங்கள்தான். ‘சந்திரமுகி’யை நான் கேலி செய்ய மாட்டேன். சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடிய ஒரு படம், பேய் பிடித்ததாக எல்லோரும் நம்பும் பெண்ணைக் காட்டி, இது பேய் இல்லை, நோய் என்று ரஜினிகாந்தின் வாயால் சொல்ல வைத்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் படத்தை மறுபடி பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. டாக்டர் சரவணன் நோயைப் பற்றி நீளமாக, அழகாக விளக்குகிறார். யாரிடம்? கங்காவின் கணவனிடம். நோய் கங்காவுக்கு, விளக்கம் செந்தில்நாதனுக்கு. அந்த உரையாடல் நடக்கும்போது அவள் அங்கே இல்லை. பிறகு ஒரு இரவு, மேளதாளத்தோடு, மந்திரவாதியும் டாக்டரும் கூட்டுச் சேர்ந்து, வேட்டையனின் பொம்மையை அவள் கையால் எரிக்க வைக்கிறார்கள். விடிந்தால் கங்கா சரியாகிவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் எப்படி இருந்தாள், அந்த வீட்டு மாடிப்படியை மறுபடி ஏற முடிந்ததா, அதெல்லாம் படத்துக்கு வெளியே.

‘அந்நியன்’ இன்னும் வேகம். அம்பியை ஹிப்னாடிஸம் செய்தால் சின்ன வயதில், மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் மின்சாரம் பாய்ந்து தங்கை செத்த கதை ஒரே உட்காரலில் வெளியே வந்துவிடுகிறது. தமிழ் சினிமாவுக்கு இது வசதி. ஃபிளாஷ்பேக் என்ற ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதற்கு ஒரு டாக்டர் கோட்டை மாட்டிவிட்டால் போதும். காரணம் தெரிந்துவிட்டால் நோய் போய்விடும் என்ற கணக்கு. ஆனால் காரணம் தெரிந்த பிறகும் காலையில் எழுந்து பல் தேய்க்க முடியாமல் போவதுதான் நிஜமான நோயின் குணம்.

நான் போய்க்கொண்டிருப்பது லஸ் பக்கம் ஒரு மாடியறைக்கு. கீழே எப்போதும் ஹாரன் சத்தம். ஒரு செஷனுக்குக் கொடுக்கும் காசில் எனக்கு ஒரு வாரச் சாப்பாடு நடக்கும். இதைச் சொல்லாமல் தெரபி பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது. அங்கே என் பால்யத்தை யாரும் தோண்டவில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினேன், நேற்று என்ன சாப்பிட்டேன், போன வாரம் சொன்ன அந்த போன் காலை இந்த வாரம் செய்தேனா என்பதுதான் பேச்சு. ஐந்து மாதம் இப்படியே போனது. சினிமாவாக எடுத்தால் இடைவேளைக்கு முன்பே தியேட்டர் காலியாகிவிடும். ஆனால் ஆறாவது மாதத்தில் ஒருநாள், மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, கத்தரிக்காய் விலையைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். வேறு எதுவும் மண்டைக்குள் ஓடவில்லை. இதை எந்த இயக்குநரிடம் கிளைமாக்ஸ் என்று சொல்ல முடியும்?

மொழி இன்னொரு சிக்கல். தென்சென்னையில் இந்த அறைகளில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலம். ‘ஆங்ஸைட்டி’, ‘ட்ரிகர்’, ‘பவுண்டரி’ என்று சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். அம்மாவோடு போட்ட சண்டையைச் சொல்லும்போது மட்டும் தமிழுக்கு வழுக்கிவிடுவேன். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதை எந்தப் பெட்டியில் போடுவது? பயமா, துக்கமா, சலிப்பா, வெறும் பித்தமா, எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற வாக்கியம் அது. நல்ல தெரபிஸ்ட் அந்த இடத்தில் மொழிபெயர்க்காமல் நின்று, “எந்த மாதிரி?” என்று கேட்கிறார்.

இந்த வைத்தியத்தின் ஆதிக்கதையிலேயே மொழிப் பிரச்சினை இருக்கிறது. 1880-82இல் வியன்னாவில் யோசஃப் பிராயர் என்ற மருத்துவரிடம் வந்த இளம்பெண்ணை, மருத்துவ வரலாறு ‘அன்னா ஓ’ என்று அழைக்கிறது. நிஜப்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். நோயின் ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் அவளிடமிருந்து நழுவி, ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். ‘டாக்கிங் க்யூர்’ என்ற பெயரை அந்த ஆங்கிலத்தில் வைத்தது அவள்தான், டாக்டர் அல்ல. விளையாட்டாக அதைப் புகைபோக்கி சுத்தம் செய்வது என்றும் சொன்னாள். பிராயரும் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட புத்தகத்தில் அவள் கதை நல்லபடியாக முடிகிறது. ஆனால் சிகிச்சை முடிந்ததாகச் சொல்லப்பட்ட அதே 1882இல் அவள் ஒரு சானடோரியத்தில் சேர்க்கப்பட்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். தேறிவர இன்னும் பல வருடங்கள் ஆயின. பின்னாளில் ஜெர்மனியின் முக்கியமான சமூகப் பணியாளர்களில் ஒருவராக ஆனார். பொய்க் கிளைமாக்ஸ் வைக்கும் பழக்கத்துக்கு நம் கோடம்பாக்கத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, தமிழில் காதோடு எழுதியவர் யாரும் இல்லையா? ஒருவர் இருக்கிறார். கோபி கிருஷ்ணன் (1945–2003). மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்தவர். உளவியல் படித்தவர், மனநோயாளிகளோடு சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர், தானும் மனநல மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தவர். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர் என்று சொல்லலாம். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்ற அவருடைய புத்தகத்தை நாவல் என்று எடுத்தால் ஏமாற்றம்தான். கதைச் சரடு கிடையாது. ஒவ்வொரு நோயாளியும் வருகிறார், தன் பாட்டைச் சொல்கிறார், போகிறார். எழுதுபவர் நடுவில் புகுந்து பரிதாபப்படுவதில்லை, விளக்குவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. சில பக்கங்களில் எனக்கே அலுப்புத் தட்டியது. பிறகு தோன்றியது, இந்த அலுப்பு வேலையின் ஒரு பகுதி. ஒரே புகாரை ஒரே சொற்களில் நூறாவது முறை கேட்பவரின் பொறுமை அந்த உரைநடையில் இறங்கியிருக்கிறது. அவருடைய சிறுகதைகளில் வாடகை வீடும் குமாஸ்தா வேலையும் கடன் கேட்கும் கூச்சமும் மாத்திரைச் சீட்டும் ஒரே வரிசையில் நிற்கும். மனநோயை வாடகையிலிருந்து பிரித்து ஒரு தனி அழகான துயரமாக அவர் ஆக்கவேயில்லை. இன்று இணையத்தில் மனச்சோர்வைப் பற்றி எழுதும் நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம்: வாடகை இல்லாத, சம்பளம் இல்லாத, வெறும் மழைச் சன்னல் கொண்ட துயரம்.

அவரோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு புத்தகம் எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’. 1993இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். மகாலிங்கத்தின் காதுக்குள் குரல்கள் ஓயாமல் பேசுகின்றன, வைகின்றன, ஆபாசமாகக் கூவுகின்றன. அவர் முருகனைப் பற்றிக்கொள்கிறார். இன்று வாசிக்கும் இளைஞர்கள் பத்துப் பக்கத்தில் “ஸ்கிட்ஸோஃப்ரீனியா” என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். அது வாசிப்பே இல்லை, மருந்துச் சீட்டு. பெயர் வைத்துவிட்டால் கேட்க வேண்டாம் என்ற அவசரம் அதில் இருக்கிறது. ‘லூசு’, ‘கீழ்ப்பாக்கம் கேஸு’ என்று சென்னை பேசுகிறதே, அதற்கும் இதற்கும் நாகரிகத்தில் வித்தியாசம் இருக்கலாம், வேகத்தில் இல்லை.

புத்தகத்துக்கு வெளியே, இந்த ஊரிலேயே, காதை மட்டும் வைத்து நடக்கிற இடம் ஒன்று உண்டு. மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் ‘ஸ்நேகா’. தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் பேசுவதற்காக மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் ஆரம்பித்த சமாரிட்டன்ஸின் வழியில் வந்த அமைப்பு. போனை எடுப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பயிற்சியில் அவர்கள் கற்றுக்கொள்வது அறிவுரை சொல்லாமல் இருப்பதை. தமிழ் வாயை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ‘ஸ்நேகா’ தொடங்கியபோது தற்கொலை முயற்சி இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவில் குற்றம். தப்பிப் பிழைத்தவரிடம் முதலில் பேச வருவது போலீஸாகவும் இருக்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகுதான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்ற நிலை வந்தது. அதுவரை முப்பது வருடங்களுக்கு மேல், சட்டம் குற்றவாளி என்று அழைத்தவரை இந்தத் தொலைபேசி “சொல்லுங்க” என்று அழைத்துக்கொண்டிருந்தது.

கேட்பது மென்மையான, தனிப்பட்ட, யாருக்கும் தொந்தரவில்லாத வேலை என்று நினைக்க வேண்டாம். பொதுத்தேர்வில் தோற்ற மாணவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வருவதற்கு வலியுறுத்தியவர்களில் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவர். ரிசல்ட் வாரத்தில் பிள்ளைகளுக்குத் தைரியம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த மாற்றம் வந்திருக்காது. தெரபி எல்லாவற்றையும் உன் தலைக்குள் தள்ளிவிடுகிறது, சமூகத்தை விட்டுவிடுகிறது என்று நம் தோழர்கள் வைக்கும் விமர்சனம் பல அறைகளைப் பொறுத்தவரை சரி. இங்கே அது ஒட்டாது. (இப்போது 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் இருக்கிறது. 2022இல் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். காசு இல்லாதவர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.)

மயிலாப்பூரில் இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் தயாராக வரும். “எங்க காலத்துல திண்ணை இருந்துதுப்பா. பேசிண்டே இருப்போம். இதெல்லாம் தேவையே படல.” குளத்தங்கரைப் படிக்கட்டில் சாயங்காலம் உட்கார்ந்து பேசும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கும் பொறாமைதான். அந்தப் பேச்சில் ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திண்ணைக்கு இரண்டு காதும் நாற்பது வாயும். அங்கே சொன்னது ராத்திரிக்குள் தெற்கு மாட வீதிக்குப் போய்விடும். சொல்லக்கூடிய துக்கத்துக்குத் திண்ணை போதும். சொல்லக்கூடாததாக ஆக்கப்பட்ட துக்கத்துக்கு?

இந்தக் கேள்வியை ஜெயகாந்தனைவிடக் கூர்மையாகத் தமிழில் யாரும் போட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’ எல்லோருக்கும் தெரியும். மழைநாளில் அறிமுகமில்லாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண், நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விஷயம் அவர்கள் இருவருக்குள் முடிகிறது. அன்றைக்குப் பெரிய எதிர்ப்பைக் கிளப்பிய கதை. துணிச்சலான கதைதான். ஆனாலும் நோக்கினால் அதுவும் ஒரு ராத்திரி வைத்தியம்: ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாக்கியம், சரியாகிவிட்டது. ஜெயகாந்தனுக்கே அது போதவில்லை. அதே சம்பவத்தை மறுபடி எடுத்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். அதில் அம்மா தண்ணீர் கொட்டுவதில்லை, ஓலமிடுகிறாள். ஊர் கேட்டுவிடுகிறது. அண்ணன் வெளியே தள்ளுகிறான். படிக்க வைத்த மாமா அதற்கு விலை எதிர்பார்க்கிறார். நாவல் முழுக்க எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளுக்குப் புத்தி சொல்கிறார்கள். அவள் பெயரும் கங்காதான்.

2005ஆம் ஆண்டின் கங்காவுக்கு டாக்டர் இருந்தார், கணவனிடம் பேசினார். இந்தக் கங்காவுக்கு யாரும் இல்லை. படித்தவள், நல்ல வேலையில் இருப்பவள், மெட்ராஸ் முழுக்கத் தனியாகப் பஸ்ஸில் போய் வருபவள். தனக்கு நடந்ததை எதிரில் வைத்துப் பேச ஒரு ஆள் வேண்டியிருக்கிறது அவளுக்கு. பன்னிரண்டு வருடமாக அடைத்துவைத்த பேச்சு. கடைசியில் அவள் தேடிப் பிடிப்பது, அன்றைக்குக் காரை ஓட்டிவந்தானே, அந்தப் பிரபுவை. காதல் இல்லை, பழிவாங்கலும் இல்லை. அவனிடம் மட்டும்தான் அவள் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவனுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. காரில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டே போகும் அந்த அத்தியாயங்களை, தமிழில் எழுதப்பட்ட மிக நீண்ட தெரபி செஷன் என்று நான் வாசிக்கிறேன். மிக ஆபத்தானதும் அதுதான். கேட்பவனுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. நல்லவனாக மாற ஆரம்பித்திருக்கிறான், அவ்வளவுதான். ஒருநாள் அவனும் நல்லெண்ணத்தோடு அவளுக்குப் புத்தி சொல்லத் தொடங்குகிறான், ஒதுங்கிக்கொள்கிறான். கங்கா குடிக்க ஆரம்பிக்கிறாள்.