முறையிடத் தெரிந்த ஆறுதல்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களின் கையில் ஒரு சிறிய அட்டை இருக்கும். சில சபைகளில் தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருப்பவற்றில் ஒன்றை ஜெபித்துவிட்டு எடுக்க வேண்டும். சில சபைகளில் எல்லோருக்கும் ஒரே வசனம். புது வருட வாக்குத்தத்தம். அதைப் பைபிளுக்குள் வைப்பார்கள், பீரோ கண்ணாடியில் ஒட்டுவார்கள், ஆட்டோவின் முன்கண்ணாடியில் செருகுவார்கள். மாதத்துக்கு ஒரு வசனம், நாளுக்கு ஒரு வசனம் என்று பெருகி, இப்போது விடிவதற்கு முன்பே ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களின் அன்றாட ஆறுதலைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த அட்டையைத் தாண்டிப் போக முடியாது. அதை ஏளனம் செய்யவும் எனக்கு மனமில்லை. டயாலிசிஸுக்குப் போகிறவர் பர்ஸில் மடித்து வைத்திருக்கும் வசனத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரோக்கியம் மட்டும் போதாது, கொஞ்சம் கல்நெஞ்சும் வேண்டும்.

என் கேள்வி வேறு. அட்டையில் ஏறாத வசனங்கள் எங்கே போயின?

எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல எதிர்காலத்தைக் கடவுள் மனதில் வைத்திருக்கிறார் என்ற பொருளில், காலண்டர்களில் அடிக்கடி காணும் வசனம் அது. அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கோயிலில் நின்று சொல்கிறான். கேட்க இனிக்கும் பேச்சு. எரேமியாவின் கடிதம் அதை மறுத்து எழுபது வருடம் என்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைப் பிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவும் ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. பத்தாம் வசனத்தின் எழுபது வருடத்தை வெட்டிவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் அட்டையில் அச்சிட்டால், எரேமியாவின் பெயரில் அனனியாவின் செய்திதான் கைக்கு வருகிறது.

அட்டைப் பழக்கம் இங்கே முளைத்ததல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் 1728இல் நாளுக்கொரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள்; 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள். மொராவியர் தொடங்குவதற்குப் பத்து வருடம் முன்பே, 1718இல், போகாட்ஸ்கி என்பவர் வசனங்களைத் தொகுத்துப் பொன் பொக்கிஷப் பெட்டி என்ற பொருளில் பெயரிட்டு வெளியிட்டிருந்தார். அவர் ஹாலே நகரின் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் படித்ததும் அதே ஹாலேயில்தான். நேர்வழியாக அட்டை கப்பலேறி வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையடக்கமான வசனம், வீட்டு ஜெபம், நாளுக்கொரு தியானம் ஆகியவற்றை அன்றாட வாழ்வின் மையமாக வைத்த கிறிஸ்தவம்தான் சோழமண்டலக் கரையில் தமிழரிடையே முதலில் வேரூன்றிய புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம். ஹெர்ன்ஹூட் வசன நூல் சந்தோஷமானவற்றை மட்டும் பொறுக்குவதில்லை. சீட்டில் எது வந்தாலும் அன்றைய வசனம் அதுதான்.

பொறுக்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்குச் சங்கீதப் புத்தகமே சாட்சி. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள், புலம்பல்கள். 23, 91, 121 மூன்றும் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். 88ஐ எத்தனை பேருக்குத் தெரியும்? மற்ற புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதை வேதத்துக்குள் வைத்தவர்களுக்கு அது முடிக்கப்படாத பாட்டாகத் தெரியவில்லை. அமெரிக்க வேத அறிஞர் வால்டர் புரூக்மன் 1986இல் எழுதிய ஒரு கட்டுரை, புலம்பலை வழிபாட்டிலிருந்து நீக்கிய சபை எதை இழக்கிறது என்று கேட்டது. கடவுளிடம் எதிர்த்துக் கேட்கும் உரிமை மனிதனுக்கு இல்லையென்றால் மிஞ்சுவது முகஸ்துதி, இல்லையேல் குற்ற உணர்வு என்பது அவர் வாதத்தின் சாரம். அநியாயத்தைப் பற்றிய கேள்வியும் அதோடு செத்துவிடும் என்றார். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் அதிகம் உறைத்தது அதுதான்.

தமிழில் சங்கீதங்களுக்கு நின்று நிலைக்கும் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ். 1740இல் வந்து, பல பத்தாண்டுகள் சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்தவர். அவருடைய மொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன்கள் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர் பழைய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது 1796இல். அவர் இறந்தது 1791இல். கடைசிக் காலத்தில் பண விவகாரங்களில் சிக்கி, கடன் வழக்கில் சிறையிலும் இருந்தார். அவர் சங்கீதங்களை மொழிபெயர்த்தது அதற்கு முந்தின காலம் என்றாலும், கடன்பட்டவன் ஜெபத்தை வாசிக்கும்போது எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கத்தோலிக்கப் பக்கம் புலம்பலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வீரமாமுனிவர் தேம்பாவணியை மட்டுமா எழுதினார்? மகனை இழந்த தாயின் துயரத்தைப் பாட அன்னை அழுங்கல் அந்தாதி என்று தனிச் சிற்றிலக்கியமே செய்தார். கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய்த் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் வியாகுலப் பிரசங்கம், யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து ஊர்களில் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில் பிறந்த நூல் அது. ஒப்பாரி தெரிந்த சமூகத்துக்குச் சிலுவைப்பாடு அந்நியக் கதையாக இருக்கவில்லை. துக்க வீட்டில் எப்படி அழ வேண்டும் என்று ஏற்கனவே அறிந்திருந்த பெண்கள், அதே குரலில் பெரிய வெள்ளியன்று மாதாவோடு சேர்ந்து அழுதார்கள்.

மன்னார் என்றதும் மடு மாதா. 17ஆம் நூற்றாண்டில் அடக்குமுறைக்குத் தப்பிய கத்தோலிக்கர் மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போன சொரூபம் அது. உள்நாட்டுப் போரின் போது ஆயிரக்கணக்கானோர் அந்தக் கோயில் வளாகத்தில் அகதிகளாகத் தங்கினார்கள். 1999 நவம்பரில் அங்கேயே எறிகணை விழுந்து, அடைக்கலம் தேடி வந்தவர்களில் பலர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் குருமார் சொரூபத்தையே பாதுகாப்புத் தேடிக் கொண்டு போக நேர்ந்தது. போருக்குப் பிறகு ஜனங்கள் மறுபடியும் ஆகஸ்ட் திருவிழாவுக்குக் கூட்டமாக வருகிறார்கள். ‘பொல்லாப்பு உன்னை நெருங்காது’ என்ற வகை ஆறுதலைக் கொண்டு இதை விளக்க முடியாது. தானும் இடம்பெயர்ந்த தாயிடம், இடம்பெயர்ந்த பிள்ளைகள் வந்து அழுகிறார்கள் என்பது விளக்கத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

புராட்டஸ்டண்டுகளின் கதை சிக்கலானது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு; சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர். குறவஞ்சி முதல் ஜெபமாலை வரை தமிழ் வடிவங்கள் அத்தனையையும் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தார். 1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்களே அதற்கு வலு. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்தக் கீர்த்தனைகள் வயற்காட்டிலும் பனங்காட்டிலும் ஆஸ்பத்திரித் திண்ணையிலும் பிரசங்கத்தைவிட அதிகம் உழைத்திருக்கின்றன. இதே சாஸ்திரியார் சபைக்குள் சாதி வழக்கங்களைக் காப்பாற்ற எழுதினார், வாதாடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாருடைய துயரம் பாட்டுப் புத்தகத்தில் ஏறும், யாருடையது ஏறாது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை (1827-1900) வேறு தினுசு. நெல்லைக்கு அருகே கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பம், கம்பனில் ஊறியவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம் பதின்மூன்று ஆண்டுகள் நற்போதகம் இதழில் தொடராக வந்து, 1894இல் நூலானது. காப்பியத்தை மாதாமாதம் எதிர்பார்த்துப் படித்த வாசகர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. அதன் இடையே வரும் பதிகங்கள் தேவாரம் என்ற பெயரிலேயே வழங்குகின்றன, தனியாகவும் பாடப்படுகின்றன. ஆழ்வார் பாசுரத்தில் பழகிய நெஞ்சுக்கு இறைவனிடம் உரிமையோடு முறையிடுவது புதிதாகக் கற்க வேண்டிய காரியமாக இருந்திருக்காது. மதம் மாறினார், அழுகிற பாஷையை மாற்றவில்லை.

மூலக் கதையில் ஓர் இடம் நம் பொருளுக்கு நேராக வருகிறது. பனியன் பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு வருடம் கிடந்தவர். 1678இல் வெளிவந்த அவர் நூலில், யாத்திரிகனும் அவன் தோழனும் வழி தவறி, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் சந்தேகக் கோட்டையில் அகப்படுகிறார்கள். புதன் காலை முதல் சனி இரவு வரை பட்டினி, அடி, இருட்டு. செத்துப்போங்கள் என்று அரக்கனே கத்தியையும் கயிற்றையும் விஷத்தையும் வழியாகக் காட்டுகிறான். யாத்திரிகன் அசைந்தும் போகிறான். தோழன் பேசிப் பேசித்தான் அவனைத் தடுக்கிறான். சனிக்கிழமை நள்ளிரவு தொடங்கி இருவரும் ஜெபிக்கிறார்கள். விடியும் சமயத்தில்தான் அவனுக்கு உறைக்கிறது, தன் நெஞ்சுக்குள்ளேயே ஒரு சாவி இருக்கிறதென்று. அந்தச் சாவியின் பெயர் வாக்குத்தத்தம். கோட்டையின் எல்லாப் பூட்டும் அதற்குத் திறக்கும். கடைசிப் பூட்டு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வாக்குத்தத்தத்தை இதற்குமேல் உயர்த்திச் சொன்னவர் யாரும் இல்லை. ஆனால் பனியன் அதைப் புதன்கிழமை காலையில் எடுத்து நீட்டவில்லை. நான்கு நாள் இருட்டையும், பக்கத்தில் ஒருவன் இருந்ததையும், சாக நினைத்ததையும் முழுசாக எழுதிவிட்டுத்தான் எடுக்கிறார்.

கிருஷ்ணபிள்ளையின் தலைமுறையைச் சேர்ந்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனையே பாடினார். வேதநாயகம் பிள்ளையின் சர்வசமய சமரசக் கீர்த்தனையில் பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் மன்றாடும் பாடல்கள் உண்டு. பசித்தவனுக்குப் பொறுமையைப் போதிக்காமல், பசியைக் கடவுளுக்கு மனுவாக எழுதியவர் அவர். முன்சீப் அல்லவா.

டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் குழியில் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே. அந்த அறையிலிருந்து நோயாளிகளுக்கு எழுதிய மடல்கள் 1933இல் நூலாயின. சுகமாயிருப்பவர்கள் படுக்கையில் கிடப்பவர்களுக்கு எழுதும் புத்திமதி தனக்கு எப்படி ஒட்டவில்லை என்பதை அதில் சொல்கிறார். தானும் படுத்துக்கொண்டு எழுதியதால்தான் அவருக்கு அதைச் சொல்ல வாய் வந்தது.

கீர்த்தனைப் புத்தகத்துக்குள் நுழைய முடியாத குரல்களுக்கு வழி திறந்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005), பரட்டை என்ற பெயரில் எழுதியவர். கர்நாடக இசைக் கீர்த்தனை மேல்சாதியாரின் ருசி, தலித் மக்களுக்கு அவர்களுடைய நாட்டுப்புற மெட்டே வேண்டும், பாடுகிறவர்கள் தங்கள் பாட்டுக்கு வார்த்தையை மாற்றிக்கொள்ளவும் வேண்டும் என்றார். கூலி, கஞ்சி, வரதட்சணை எல்லாம் ஜெபப் பாட்டுக்குள் வந்தன. கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதை அவர் இறையியலாகவே பேசினார். நெல்லை, தூத்துக்குடிச் சபைகளின் அசனப் பண்டிகையில் வரிசையாக உட்கார்ந்து சோறும் கறியும் தின்னும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றாது. பெண்கள் வீட்டில் உலை வைக்குமுன் எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசியும் அதே கணக்கில் சேரும்.

உளவியல் ஆய்வாளர்கள் இந்த வயலுக்குப் பிந்தி வந்தவர்கள். கென்னத் பார்கமென்ட்டும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் இருந்த சுமார் 600 முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டார், தன்மேல் அன்பில்லை, இது பிசாசின் வேலை என்று மருகியவர்களுக்கு இறக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. இதைக் காட்டி, “பார்த்தீர்களா, புலம்பக் கூடாது” என்று சொல்ல ஆளிருப்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. கைவிடப்பட்டேன் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பதும், ஏன் கைவிட்டீர் என்று முகத்தைப் பார்த்துக் கேட்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்குக் கேட்கிற ஆள் எதிரே வேண்டும். கூட நிற்க நாலு பேர் வேண்டும். கேள்வித்தாளில் இந்த வேறுபாடு எளிதில் அகப்படாது, சங்கீதத்தில் அகப்படும்.

இன்றைய சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர், கட்டி கரைந்தவர் மைக்கைப் பிடிப்பார்கள். கட்டி கரையாதவருக்கு அங்கே வேலையில்லை. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போக வேண்டும். பாயில் உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்வார்கள்: குடிக்கிற கணவன், அடையாத கடன், பேசாத மகன், திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல். சொல்லிக்கொண்டே அழுவார்கள், அழுகை நடுவிலேயே கீர்த்தனையாக மாறும். ஒரே குறிப்பை வருடக்கணக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. “போன வாரமே சொல்லிட்டீங்களே அக்கா” என்று அங்கே யாரும் அவர்களை நிறுத்துவதில்லை.