பொத்தானைப் படிக்கும் எதிராளி

பழைய மோர்ட்டல் காம்பாட் சண்டை விளையாட்டுகளை டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2025-இல் தொகுத்து வெளியிட்டதிலிருந்து, அந்த வரிசையின் இரண்டாம் பாகத்துக்கு மறுபடியும் ஆராதனை நடக்கிறது. ஆராதனையில் தவறில்லை. ஆனால் ரசிகர்கள் கூடவே ஒரு வாதத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்: அதில் வரும் கணினி எதிராளி கொடூரமானவன்தான், அந்தக் கொடூரம்தான் ஆட்டத்தின் பெருமை, இன்றைய பிள்ளைகளுக்கு அதைத் தாங்கும் பொறுமை கிடையாது. இந்த வாதத்தை அப்படியே விட்டுவிட முடியாது.

சிகாகோவின் மிட்வே நிறுவனத்தில் எட் பூனும் ஜான் டோபியாஸும் 1993-இல் ஆர்கேட் இயந்திரத்தில் கொண்டுவந்த இந்தப் பாகம் முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டது உண்மை. 7 வீரர்கள் 12 ஆனார்கள். அவர்களில் ஒருவனான ஷாங் சுங் மற்ற வீரர்களாக உருமாறிச் சண்டையிட்டான். பின்னணிக் காட்டில் மரங்கள் வாயைத் திறந்து உறுமின. முதல் பாகத்தின் ரத்தத்தைப் பார்த்து எழுந்த கூச்சலுக்கு, தோற்றவனைக் கொல்லாமல் விளையாட்டுக் காட்டும் ஃபிரண்ட்ஷிப், அவனைக் கைக்குழந்தையாக்கும் பேபாலிட்டி என்று நையாண்டியாகவே பதில் வந்தது. எல்லா வீரர்களின் அப்பர்கட்டும் காலிடறலும் ஏறத்தாழ ஒன்றே என்ற பழைய புகாரைக்கூட மறந்துவிடலாம். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை இன்னொரு மனிதர் பிடித்துக்கொண்டால், அந்தக் காலத்தில் இதற்கு ஈடான சண்டை விளையாட்டுகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

அந்த மனிதர் இல்லாதபோதுதான் சிக்கல்.

சண்டை விளையாட்டின் உயிர் ஏமாற்றுவதில் இருக்கிறது. குதிக்கப்போவதாகப் போக்குக் காட்டிவிட்டு நிற்பது, தூக்கி எறியப்போவதுபோல் நெருங்கிவிட்டு உதைப்பது, எதிராளி தடுப்பை இறக்கும் நொடிக்காகக் காத்திருப்பது. எதிரில் இருப்பவர் திரையைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. மோர்ட்டல் காம்பாட் 2-இன் கணினி எதிராளியோ திரையைப் பார்ப்பதில்லை, ஆடுபவர் அழுத்தும் பொத்தானைப் படிக்கிறான். நாம் ஆட்டும் லியு காங் என்ற வீரன் தீப்பந்தை விடுவதற்குள் எதிராளி குனிந்தோ தாவியோ விடுகிறான். அருகே போனால், நம் கை முந்தினாலும் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் நாம்தான். குதித்து இறங்கினால் அடி தயாராகக் காத்திருக்கும். நம் சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுபவனோடு ரம்மிக்கு உட்கார்வது போன்றது இது. இதில் தோற்றால் திறமைக் குறைவு என்று சொல்வது என்ன நியாயம்?

இதைவிட மோசம், இவ்வளவு தெரிந்தவன் ஒன்றுமே கற்றுக்கொள்வதில்லை என்பது. பின்னோக்கித் தாவுங்கள், அவன் நெருங்கி வருவான், காற்றிலிருந்தபடியே உதையுங்கள், விழுவான். எழுந்ததும் திரும்பச் செய்யுங்கள், திரும்ப விழுவான். மனிதர் யாரும் மூன்றாவது முறை இதில் ஏமாற மாட்டார். ஆக, தனியாக ஆடுபவர் கற்பது சண்டையை அல்ல, நிரலில் உள்ள ஓட்டைகளை. கடைசி எதிரியான ஷாவோ கான் வரை போய் வென்றவர்களில் பலர் இந்த ஓட்டைகளின் வழியாகத்தான் போனார்கள். ஒளிந்திருக்கும் வீராங்கனை ஜேடைச் சந்திக்க, எதிராளிகளின் வரிசையில் வரும் கேள்விக்குறிக்கு முந்தைய சண்டையில் ஒரு சுற்றைத் தாழ் உதையால் மட்டுமே வெல்ல வேண்டும் என்று விதி. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் இந்த எதிராளிக்குச் சரியான மருந்து என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதுபோல இருக்கிறது!

நாணயம் விழுந்தால்தானே ஆர்கேட் கடைக்காரருக்குப் பிழைப்பு, எல்லா ஆர்கேட் விளையாட்டும் இப்படித்தான் என்று அடுத்த வாதம் வரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இலும் கணினி ஆட்டும் கைல் என்ற வீரன், நாம் ஜாய்ஸ்டிக்கைப் பின்னோக்கிப் பிடித்துக் காத்திருந்து விடவேண்டிய சோனிக் பூம் என்ற தாக்குதலை நின்ற இடத்திலிருந்தே விடுவான், அதுவும் பித்தலாட்டம்தான். ஆனால் அவன் என்ன செய்வான் என்பதைப் பார்த்துப் பழகி, நேரம் பார்த்துத் தாவி அடிக்க முடியும். அந்தப் பழக்கம் மனிதரோடு ஆடும்போதும் உதவும். மிட்வேயின் எதிராளியிடம் பெற்ற பாடம் அடுத்த ஜாய்ஸ்டிக்கில் ஒரு மனிதர் வந்து நின்ற மறுகணமே செல்லாக்காசு. தவிர, ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் கடைக்காரருக்கு இயந்திரத்திலேயே வசதி இருந்தது. நாணயம் சேர்க்க நேர்மையான வழி இல்லாமல் இல்லை.

இரண்டாம் பாகத்தின் புகழில் பெரும்பங்கு, பக்கத்தில் நின்று இன்னொரு நாணயத்தைப் போட்டவருக்குச் சேர வேண்டியது. அந்தக் கணினி எதிராளியை வடிவமைப்பின் சாதனை என்று கொண்டாடுவது, வாங்கிய அடியையே பாடம் என்று சொல்லிக்கொள்வதுதான். தொகுப்பை வாங்கியவர்கள் ஒரு நண்பரைக் கூட்டி வந்து ஆடுங்கள்; தனி ஆட்டத்தைத் தொடாமல் விட்டாலும் நஷ்டமில்லை.