சான்று காட்ட வேண்டியவர் யார்? ஸ்கொட்லாந்தின் வெளியேற்ற இலக்கியமும் நிலச் சீர்திருத்த வாக்குறுதிகளும்

அரசாங்கக் கொள்கைப் பத்திரங்களை இலக்கிய விமர்சகர் படிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக வேரூன்றியுள்ளது. அவை நிருவாகவியலாருக்கு உரியன என ஒதுக்கிவிடுகிறோம். ஆயின், ஒரு மக்கட் கூட்டத்தின் பாடலும் நாடகமும் நாவலும் எழுப்பிய வினாவுக்கே விடையளிப்பதாகக் கூறிக்கொண்டு ஓர் அரசு சட்டம் இயற்றும்போது, அவ்விருவகை எழுத்துக்களையும் அருகருகே வைத்து நோக்குதல் அவசியமாகின்றது. ஸ்கொட்லாந்து இதற்குத் தக்கதோர் உதாரணம். 1999இல் அதிகாரப் பரவலாக்கலின் வழி எடின்பரோவிலே பாராளுமன்றம் கூடியது முதல், தொழிற்கட்சி - லிபரல் ஜனநாயகக் கட்சிக் கூட்டரசும், 2007 தொடக்கம் ஸ்கொட்லாந்துத் தேசியக் கட்சியும், சமூக நீதி பற்றியும் கிராமிய வாழ்வின் மீட்சி பற்றியும் அளித்த வாக்குறுதிகளில் நிலச் சீர்திருத்தம் முக்கிய இடம்பெற்று வந்துள்ளது.

இவ்வாக்குறுதிகளின் பின்னால் நிற்பது வடமேற்கு மலைப்பிரதேசத்தின் வெளியேற்றங்களாகும். மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்திலே, ஆதித்திரட்சிக்குச் சான்றாகச் சதர்லாந்துச் சீமாட்டியின் தோட்டத்தை எடுத்துக்காட்டுகிறார். அவர் தரும் கணக்கின்படி, 1814க்கும் 1820க்கும் இடையில் ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 பேர் துரத்தப்பட்டனர். குலமரபுக்கு உரியதாயிருந்த 794,000 ஏக்கர் சீமாட்டியின் கைக்குச் சென்றது. துரத்தப்பட்டோருக்குக் கடற்கரையிலே 6,000 ஏக்கர் விடப்பட்டது. 1825இல் அம்மக்களின் இடத்தை 131,000 ஆடுகள் நிரப்பியிருந்தன. குடிகளின் வீடுகளுக்குத் தீ வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தோட்ட முகவர் பற்றிக் செல்லர் 1816இல் இன்வர்னஸ் நகரில் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றார். நடுவர் குழுவில் நிலவுடைமையாளரே மிகுந்திருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தோட்டத்தின் பிரதம நிருவாகியான ஜேம்ஸ் லொக் 1820இல் இந்நடவடிக்கைகளை விவரித்து ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலின் மையச் சொல் அபிவிருத்தி என்பதாகும். வீதிகளும் பாலங்களும் துறைமுகமும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. அபிவிருத்தி தானாகவே நிகழ்வது போன்றும், மக்கள் தாமாகவே கடற்கரைக்குப் பெயர்ந்தது போன்றும் அதன் உரைநடை நடக்கின்றது. வெளியேற்ற இலக்கியம் பெரும்பாலும் இவ்வுரைநடைக்கு எதிராக எழுதப்பட்டதெனலாம். நீல் கன் 1934இலும், இயன் கிரிக்டன் ஸ்மித் 1968இலும் எழுதிய நாவல்களில் செய்வினை மீள்கின்றது. ஸ்மித்தின் நாவலிலே செல்லர் ஒரு கிழவியின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவள் நம்பியிருந்த திருச்சபை அவளுக்கு உதவவில்லை. லொக்கின் நூலில் எண்ணிக்கையாக இருந்தவள் இங்கு ஆளாகிறாள்.

ஆயினும், இம்மரபிலே அரசியற் பிரக்ஞை மிகத் தெளிவாகத் துலங்குவது ஜோன் மக்கிராத் எழுதி, 7:84 நாடகக் குழு 1973இல் மேடையேற்றிய, செவியட் ஆடு, கலைமான், கரிய எண்ணெய் ஆகியவற்றைத் தலைப்பிலே கொண்ட நாடகத்திலேயே. சனத்தொகையில் 7 வீதத்தினர் செல்வத்தில் 84 வீதத்தை வைத்திருந்தனர் என்ற புள்ளிவிவரமே குழுவின் பெயர். கிராம மண்டபங்களுக்குச் சென்று, பாட்டும் கதையும் ஆட்டமும் கலந்த கெய்லி என்னும் நாட்டார் ஒன்றுகூடலின் உருவத்திலே நாடகத்தை நடத்தினர். மேடையமைப்பு ஒரு பெரும் விரிபடப் புத்தகம். நாடகம் முடிந்ததும் ஊரவருடன் நடனம். உருவத்தை வெறும் கவர்ச்சிக்காக மக்களிடமிருந்து கடன்வாங்கும் 'மக்கள் கலை' முயற்சிகள் பலவற்றை நாம் அறிவோம். இங்கு அவ்வாறன்று. லொக்கும் செல்லரும் நகைச்சுவைப் பாத்திரங்களாக வந்து பாடுகின்றனர்; அடுத்த கணத்தில் நடிகர் பாத்திரத்தைக் களைந்து, ஆவணத்தையும் எண்ணிக்கையையும் நேரே சபையோருக்கு வாசிக்கின்றனர். வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்களே பல ஊர்களில் சபையில் இருந்தனர். 1816இல் நிலவுடைமையாளர் தீர்த்துவைத்த வழக்கு, நடுவர் குழு மாற்றப்பட்டு, மீண்டும் விசாரணைக்கு வருகின்றது. ஆட்டுப்பண்ணை, வேட்டைக்காடு, வடகடல் எண்ணெய் ஆகிய மூன்றையும் மூன்று சோகக்கதைகளாகவன்றி, மூலதனத்தின் ஒரே அசைவின் மூன்று கட்டங்களாகக் காட்டியதே நாடகத்தின் சாதனை.

அதன் குறைபாட்டையும் சொல்லியாக வேண்டும். வெளியேற்றத்துக்கு முந்திய குலமரபு வாழ்வு அதில் ஓரளவு பொற்காலமாகத் தோற்றமளிக்கின்றது. தலைவனுக்கும் குடிக்குமிடையே குத்தகைச் சுரண்டல் முன்னரே நிலவியது. பெயரளவிலான தலைமையுரிமை தனியுடைமையாக மாற்றப்பட்டதையே மார்க்ஸ் சுட்டினார்.

ஹெப்ரிடீஸ் தீவான லூயிஸை 1844இல் விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் மதீசன் சீனாவுடனான அபின் வணிகத்திலே பொருளீட்டியவர். பேரரசின் செல்வம் இவ்வாறு மலைப்பிரதேச நிலத்துள் வந்தது. ஸ்கொட்லாந்தின் கிராமப்புற மக்கள் எதிர்த்திசையிற் சென்றனர். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்தவர். சிறுவிவசாயிகளின் அழிவை 1932இல் நாவலாக்கிய லூயிஸ் கிரசிக் கிபனின் கதைக்களமும் அதே பகுதிதான். அத்தோட்டங்களிலே உழைத்தோரின் வழிவந்த நமது மலையக மக்களுட் பெரும்பாலோருக்கு வீட்டடி நிலம்கூட இன்னும் உரித்தாகவில்லை. ஆகவே இவ்விடயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இனிச் சட்டங்களை நோக்குவோம். பண்ணையுரிமை ஒழிப்புச் சட்டம் 2000இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் விற்பனைக்கு வரும்போது அதனை முதலில் வாங்கும் உரிமையைப் பதிவுபெற்ற கிராமச் சமுதாயங்களுக்கு வழங்கியது. சொந்தக்காரர் விரும்பாவிடினும் வாங்கும் உரிமையைக் குரோப்டர்கள் எனப்படும் சிறுகுடியானவரின் சமுதாயங்களுக்கு அது அளித்தது. 2015, 2016ஆம் ஆண்டுச் சட்டங்கள் இவ்வுரிமைகளை விரித்தன. பிரித்தானியாவின் வேறெப்பகுதியிலும் இத்தகைய சட்டம் இல்லை. எனினும் மூன்று சட்டங்களுக்கும் பொதுவான வினைச்சொல் 'வாங்குதல்' என்பதே. விலையின்றிப் பறிக்கப்பட்டது மதிப்பீட்டாளர் குறித்த விலைக்கு மீள வாங்கப்பட வேண்டும்.

இதனினும் ஆழமானது சான்று பற்றிய பிரச்சினை. வாங்க விழையும் சமுதாயம் தன்னைச் சட்ட வடிவிலமைத்து, ஆதரவைத் திரட்டிக் காட்டி, தனது நோக்கம் பொதுநலனுக்கு உகந்தது, நிலைபேறான அபிவிருத்திக்கு இசைவானது என்பதை அமைச்சர்களுக்கு நிறுவ வேண்டும். பல்லாயிரம் ஏக்கரை வாங்கும் தனியார் செல்வந்தரோ காடுவளர்ப்பு நிதியமோ எதனையும் நிறுவ வேண்டியதில்லை. லொக் பயன்படுத்திய அதே அபிவிருத்தி என்ற சொல் ஓர் அடைமொழியுடன் திரும்பியுள்ளது. இம்முறை அது வெளியேற்றப்பட்டோரின் வழியினரைப் பரீட்சிக்கின்றது. நாடகம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது முகவரை. சட்டம் நிறுத்துவது ஊரவரை.

சமுதாயம் வாங்கிய இடங்களிற் பயன் விளையவில்லை என்று நாம் கூறவில்லை. எக் தீவு மக்கள் 1997இல், பாராளுமன்றம் அமையுமுன்னரே, 15 இலட்சம் பவுணுக்குத் தம் தீவை வாங்கினர். 2002இல் கியா, 2006இல் தென் யூயிஸ்ட் என இயக்கம் வளர்ந்தது. மேற்குத் தீவுகளின் நிலப்பரப்பில் அரைவாசிக்கு மேல் இன்று சமுதாய உடைமை. முழு ஸ்கொட்லாந்தையும் எடுத்துக்கொண்டால் அது 3 வீதத்துக்கும் குறைவு. தனியார் கிராமிய நிலத்தின் அரைவாசி 432 உடைமையாளர் வசமிருப்பதாக 2013இல் மதிப்பிடப்பட்டது. மேற்குத் தீவுகளிலும் உடைமை மாறியதோடு யாவும் மாறிவிடவில்லை. கெலிக் மொழி பேசத்தெரிந்தோர் அங்கு அரைவாசிக்குக் கீழிறங்கியதை 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு காட்டிற்று. வீட்டையும் வேலையையும் தேடி இளைஞர் வெளியேறும்போது, பாடலைப் புரிந்துகொள்ளும் சபையும் கலைகின்றது.

இத்தயக்கத்துக்கு அரசியல்வாதிகளின் நேர்மையீனமே காரணமென்பது எளிய விளக்கம். பரவலாக்கப்பட்ட அதிகாரத்தின் அமைப்பையே நாம் நோக்க வேண்டும். 1998ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்துச் சட்டத்தின்படி, சொத்துரிமை உள்ளிட்ட ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்துக்கு மாறான எடின்பரோச் சட்டம் சட்டமேயன்று. வெஸ்ட்மின்ஸ்டரின் சட்டத்தை நீதிமன்றம் அவ்வாறு செல்லுபடியற்றதாக்க இயலாது. குத்தகை விவசாயிகளைக் காக்கும் நோக்குடைய 2003ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவொன்று நிலச்சொந்தக்காரரின் உரிமையை மீறுவதாக 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தபின், சட்டம் வரைவோரின் பேனையிலே அச்சம் குடிகொண்டது. ஆனால் 1886ஐ நினைவுகூர்வோம். ஸ்கை தீவிலே 1882இல் குடியானவர் பொலிசாருடன் மோதியதைத் தொடர்ந்து வளர்ந்த கிளர்ச்சி, இலண்டனின் லிபரல் அரசாங்கத்திடமிருந்து குடியிருப்புப் பாதுகாப்பையும் நியாயக் குத்தகையையும் பறித்தெடுத்தது. குத்தகைகள் குறைக்கப்பட்டன; நிலுவைகள் நீக்கப்பட்டன. அன்று குரோப்டரிடம் எதையும் வாங்குமாறு எவரும் சொல்லவில்லை.

பெருநிலங்களை வாங்குவோர் பொதுநலனை நிறுவ வேண்டுமென்ற யோசனையை 2022இல் ஸ்கொட்லாந்து அரசே கலந்தாய்வுக்கு முன்வைத்தது. காபன் வரவை எதிர்நோக்கிய முதலீடு நிலவிலையை ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது; மக்கிராத் இருந்திருப்பின் நாடகத்துக்கு நாலாம் கட்டம் எழுதியிருப்பார். 2025 நவம்பரில் நிறைவேறிய சட்டம் 1,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலங்களின் உடைமையாளரை முகாமைத் திட்டம் வெளியிட்டு ஊரவரைக் கலந்தாலோசிக்கப் பணிக்கின்றது. விற்கும்போது நிலத்தைத் துண்டுகளாகப் பிரிக்குமாறு கட்டளையிட அமைச்சர்களுக்கு அதிகாரமளிக்கின்றது. நிலம் எவ்வாறு பிரிக்கப்பட வேண்டும் என்பதை அச்சட்டம் ஆராய்கின்றது. வாங்குபவர் தமது பொதுநலனை நிறுவ வேண்டுமென்ற நிபந்தனை அதில் இடம்பெறவில்லை.