பெயர்த்து வைக்கும் கலை

நகலெடுப்பதைக் கலை என்று சொல்லப் பலர் தயங்குவர். ஒரு கோப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்து இன்னோர் இடத்தில் விட்டால் முடிந்துபோகும் வேலையில் நுட்பத்துக்கு இடமேது என்று அவர்களுக்குத் தோன்றும். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளை வரியில், அதாவது படங்களும் பொத்தான்களும் இல்லாமல் எழுத்தாலேயே கணினிக்கு ஆணையிடும் முனையத்தில், நெடுங்காலமாகச் செதுக்கப்பட்டு வந்திருக்கும் சிபி, டார், ஆர்சிங்க் ஆகிய கருவிகளை அருகிலிருந்து கவனிப்பவருக்கு, நகலிலும் தரங்கள் உண்டு என்பதும், உயர்ந்த நகலுக்கும் மட்டமான நகலுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது என்பதும் விளங்கும்.

இந்தத் தரவேறுபாட்டைக் கண்ணால் காண, சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய முட்டுக்காட்டில் ஓரிடம் உண்டு. சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவைத்த தட்சிணசித்ராவில், தென்னாட்டின் பழைய வீடுகள் அவை இருந்த ஊர்களிலேயே பிரிக்கப்பட்டு, இங்கே கொண்டுவரப்பட்டு, மறுபடியும் பூட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு அவற்றுள் ஒன்று. அதன் மரமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்பதால் மட்டும் அது அந்த வீடு ஆகிவிடவில்லை. எந்த உத்திரம் எந்தத் தூணின் மேல் அமர்ந்தது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்ற உறவுகளும் சேர்ந்து வந்ததால்தான் ஆயிற்று. கோப்புகளின் நிலையும் இதுவே. சிபி கட்டளையை வெறுமனே ஏவினால் கோப்பின் உள்ளடக்கம் பழுதில்லாமல் வந்து சேரும். ஆனால் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நாள் மறைந்து நகலெடுத்த நாள் ஏறிக்கொள்ளும், உரிமையாளர் பெயர் நகலெடுத்தவர் பெயராகிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கடற்கரையைத் தாக்கிய காலையில் எடுத்த புகைப்படங்களின் தொகுப்பு ஒன்றை இப்படி நகலெடுத்தால், எந்தப் படம் முன்னது, எந்தப் படம் பின்னது என்று கோப்புப் பட்டியலே சொல்லிக்கொண்டிருந்த வரிசை அடியோடு அழிந்துபோகும். சிபியுடன் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்துத் தெரிவைச் சேர்த்தால் நாள், அனுமதி, உரிமை, பிணைப்பு எல்லாம் உடன் வரும். அந்த ஓர் எழுத்தைப் பழக்கமாக்கிக்கொண்டவரையே இக்கலையில் கால் வைத்தவர் என்று கொள்ளலாம்.

டார் இன்னும் பழைய மனப்பாங்கைச் சேர்ந்தது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற இக்கருவி, காந்த நாடாவில் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப் பிறந்தது. ஒவ்வொரு கோப்பின் முன்னும் 512 பைட் அளவுள்ள தலைப்புத் துண்டு ஒன்றை வைத்து, அதில் பெயர், அளவு, நாள், அனுமதி ஆகியவற்றைக் குறித்து, அதன்பின் உள்ளடக்கத்தை ஊற்றிக்கொண்டே போகும். அந்தத் தலைப்புத் துண்டில் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 100 பைட். ஆங்கிலத்தில் இது நூறு எழுத்து. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் கொள்வதால், தமிழுக்கு முப்பத்து மூன்று குறிகள்தான். ‘முட்டுக்காடு’ என்ற சொல் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு குறி, வட்டில் 36 பைட். தமிழில் பெயரிட்ட அடைவுக்குள் அடைவாக மூன்று படி இறங்கினாலே பழைய எல்லை நிரம்பிவிடும். குனு டார் நீண்ட பெயர்களுக்கென்று கூடுதல் தலைப்பொன்றை முன்னே வைத்து இந்த நெருக்கடியை அவிழ்த்தது. அதனால் இன்று தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்படாமல் பயணம் செய்கின்றன.

பெயர் பற்றிய பேச்சில் லினக்ஸின் ஓர் உயர்ந்த பண்பும் சேர்த்தே கவனிக்கத்தக்கது. கோப்பின் பெயரை அது பொதுவாக ஒரு பைட் வரிசையாக மட்டுமே கருதுகிறது. சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எதையும் மறுப்பதில்லை, தன் விருப்பத்துக்கு எதையும் திருத்துவதில்லை. இந்த நேர்மை சில சமயம் விசித்திரமான விளைவைத் தரும். முட்டுக்காட்டை அடுத்த கோவளத்தின் பெயரை எடுத்துக்கொண்டால், அதன் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். முதல் வடிவம் 18 பைட், இரண்டாவது 21 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவத்திலேயே சேமித்ததால், அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்கு வரும் ‘கோவளம்’ என்ற அடைவு, ஏற்கெனவே இங்கிருக்கும் ‘கோவள’த்தின் பக்கத்திலேயே இரண்டாவதாக வந்து உட்கார்ந்துவிடும். ஆர்சிங்க் கருவியில் இதற்கென்றே எழுத்துக்குறி மாற்றும் தெரிவொன்று உண்டு. தமிழில் பெயரிட்டு ஆவணம் சேர்ப்போர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய நுணுக்கம் இது.

ஆர்சிங்க்கே இத்தொகுப்பின் மகுடம். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராஸும் 1996இல் இதை வெளியிட்டனர். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் டிரிட்ஜெல் 1999இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதன் கணக்கு முழுமையாக விளக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் இதுதான்: ஒரு கோப்பின் பழைய வடிவம் தொலைவில் ஒரு கணினியில் இருக்கிறது, புதிய வடிவம் இங்கே இருக்கிறது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாத நிலையில், மாறிய பகுதியை மட்டும் எப்படி அனுப்புவது? தொலைவிலுள்ள கணினி தன் பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எளிதாகக் கணக்கிடத்தக்க சிறு சரிபார்ப்புத் தொகை ஒன்றையும், வலிய தொகை ஒன்றையும் கண்டு, அந்தத் தொகைகளை மட்டும் இங்கே அனுப்புகிறது. இங்குள்ள கணினி தன் புதிய கோப்பின் மீது அதே அகலமுள்ள சாளரமொன்றை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திச் செல்கிறது. அந்தச் சிறு தொகை உருளும் தன்மையுடையது என்பதில்தான் அழகெல்லாம் அடங்கியிருக்கிறது: சாளரம் ஒரு பைட் நகர்ந்தால் முழுவதையும் மறுபடி கூட்டவேண்டியதில்லை, வெளியேறிய பைட்டைக் கழித்து உள்ளே வந்த பைட்டைச் சேர்த்தால் போதும். சிறு தொகை பொருந்தும் இடத்தில் மட்டும் வலிய தொகை சோதிக்கப்படுகிறது. அதுவும் பொருந்தினால் அந்தத் துண்டின் எண் மட்டும் அனுப்பப்படுகிறது, பொருந்தாத பைட்டுகள் அப்படியே செல்கின்றன.

ஒரு நீண்ட தமிழ் உரைக்கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு ‘க’வைச் சேர்த்தால் அதன்பின் உள்ள அனைத்தும் மூன்று பைட் தள்ளிப்போகும். துண்டுக்குத் துண்டு நேர்க்கு நேர் ஒப்பிடும் முறை அங்கே முற்றிலும் தோற்று, கோப்பு முழுவதுமே மாறிவிட்டதாக முடிவுகட்டும். உருளும் சாளரமோ மூன்று பைட் கடந்ததும் பழைய துண்டுகளை வரிசையாக அடையாளம் கண்டுகொள்ளும். சுருக்கப்பட்ட கோப்புகளில் இந்தத் திறம் பெரும்பாலும் பலிப்பதில்லை, ஏனெனில் சுருக்கும்போது ஓரெழுத்து மாற்றமும் அதன்பின் வரும் அத்தனையையும் உருமாற்றிவிடுகிறது. அசலும் நகலும் ஒரே கணினியில் இருந்தாலோ ஆர்சிங்க் தன் பெருமைக்குரிய கணக்கையே ஒதுக்கிவைத்துவிட்டுக் கோப்பை முழுதாக நகலெடுக்கிறது. இரண்டையும் படித்து ஒப்பிடுவது அங்கே வீண் உழைப்பு. தன் வித்தையை எங்கே காட்டக்கூடாது என்றும் அறிந்த கருவி என்று இதைப் பாராட்டத் தோன்றுகிறது.

இதன் இன்னொரு பண்பு இக்கரையில் வாழ்வோருக்கு எளிதில் புரியும். புதிய நகலை ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக எழுதி முடித்த பிறகே பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரைகடந்தபோது நேர்ந்ததுபோல மின்சாரம் நடுவில் அறுந்தாலும், பழைய நகல் அரைகுறையாகச் சிதையாமல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எச்சரிக்கைக்குரியது அழிப்புத் தெரிவு. மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கும் அந்தத் தெரிவோடு நாள்தோறும் இயங்கும் பிரதி ஒரு கண்ணாடிதானே தவிரக் காப்புப்பிரதி ஆகாது, ஏனெனில் தவறுதலாக அழித்ததையும் அது அன்றிரவே அழித்துவிடும். இதற்கு மாற்றாக நேற்றைய நகலோடு பிணைக்கும் தெரிவு இருக்கிறது. மாறாத கோப்பை மறுபடி எழுதாமல், வட்டிலுள்ள அதே தரவுக்கு இன்னொரு பெயரை இட்டுவிடுவது அதன் முறை. ஒவ்வொரு நாளின் அடைவும் முழுமையாகத் தோன்றும், ஆனால் மாறியவை மட்டுமே பெரும்பாலும் இடம் பிடிக்கும். முப்பது நாள்களின் முப்பது முழு அடைவுகளை ஒரே வட்டில் விரித்துவைக்கும் இந்தச் சிக்கனத்துக்கு ஈடாக வரைகலைக் கருவிகளில் அரிதாகவே எதையும் காணமுடியும்.

ஆனால் அந்த முப்பதும் ஒரே வட்டில் இருக்கின்றன, மாறாத கோப்பு முப்பது பெயர்களில் ஒரே தரவாக இருக்கிறது என்பதை மறக்கலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களும் சுவடிகளும் அதோடு போயின. ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் உழைப்பை அந்த இழப்பின் பின்னணியில்தான் முழுதாக உணரமுடியும். உப்புக்காற்று வீசும் கரையில் ஒரு பிரதியை வைப்பவர் இன்னொன்றை உள்நாட்டு ஊரொன்றில் வைக்கவேண்டும், மூன்றாவதையும் வேறு வகைச் சாதனத்தில் வைப்பது நல்லது.

பிரதிகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கும் ஆர்சிங்க்கே போதும். எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் தெரிவையும், ஒவ்வொரு மாற்றத்தையும் விரித்துரைக்கும் தெரிவையும் சேர்த்து ஏவினால், வேறுபடும் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னும் பதினோரு இடங்கள் கொண்ட ஒரு குறிச்சரம் வந்து நிற்கும். முதல் இடம் பயணத் திசையையும், இரண்டாவது பொருளின் வகையையும், அடுத்தவை சரிபார்ப்புத் தொகை, அளவு, நாள், அனுமதி, உரிமையாளர் என முறையே மாறியவற்றையும் சொல்லும். மாறாதவை புள்ளியாகவும், முற்றிலும் புதிய கோப்பு ஒன்பது கூட்டல் குறிகளாகவும் தோன்றும். வழக்கமாக அளவையும் நாளையும் மட்டுமே பார்க்கும் இக்கருவியை உள்ளடக்கம் முழுவதையும் சரிபார்க்குமாறு பணித்தால், என்றேனும் ஒருநாள் அளவும் நாளும் புள்ளியாகவே இருக்க, தொகையின் இடத்தில் மட்டும் எழுத்து விழுந்த ஒரு வரி வரக்கூடும். யாரும் தொடாத கோப்பு வட்டிலேயே பழுதடைந்திருக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த நிலையில் கட்டளையை உடனே மெய்யாக ஏவிவிடாமல், பழுது எந்தப் பக்கம் என்பதை மூன்றாவது பிரதியோடு ஒப்பிட்டுத் தீர்மானித்த பிறகே நகலின் திசையை முடிவுசெய்ய வேண்டும்.