புது வண்டியும் பொன்முடி ஏற்றமும்

திருவனந்தபுரத்திலும் அதற்குத் தெற்கே நாகர்கோவில் வரையிலும், புது மோட்டார் வண்டி வாங்கியவர்கள் பழவங்காடி கணபதி சந்நிதியிலோ தங்கள் ஊர்ப் பிள்ளையார் முன்போ தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பொன்முடி மலைக்குப் போய்வர ஆசைப்படுவது சகஜம். முதல் 1000 கிலோமீட்டருக்கு 50-ஐத் தாண்டக் கூடாது, இஞ்சின் ‘செட்’ ஆகும்வரை மலைப்பக்கமே போகக் கூடாது என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் குறுக்கே நிற்பதும் அதே அளவு சகஜம். ‘ரன்னிங் இன்’ என்று ஒர்க் ஷாப்புகளில் வழங்கும் இந்த விரதத்தில் எவ்வளவு சாஸ்திரம், எவ்வளவு வெறும் பயம் என்று பிரித்துப் பார்த்தால், பெரியவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் பிழை, அவர் விதிக்கும் தடை ஓரளவு சரி என்ற விசித்திரமான முடிவுக்கே நான் வரவேண்டியிருக்கிறது.

யந்திரத்தின் உள்ளே நடப்பதை முதலில் பார்ப்போம். சிலிண்டரின் உட்சுவரைத் தொழிற்சாலையில் கண்ணாடிபோல் வழவழப்பாக விடுவதில்லை. ‘ஹோனிங்’ என்னும் முறையால் அதன்மேல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்ணிய கோடுகளைக் கீறி வைக்கிறார்கள். புதிதாகக் கொத்திய அம்மி முதல் சில அரைப்புகளில் கல்தூளை உதிர்த்துவிட்டுப் பிறகே மசாலாவுக்குப் பக்குவப்படுவதைப் போல, அக்கோடுகளின் கூர்மை பிஸ்டன் ரிங்குகளோடு உராய்ந்து மழுங்கி, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்ள, எஞ்சிய பள்ளங்களில் ஆயில் தங்கி நிற்கிறது. இந்தப் பொருத்தத்தை உண்டாக்குவது ரிங்கின் சொந்த விறைப்பு மாத்திரமன்று. எரிந்து விரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. சுமையே அறியாமல், நின்ற இடத்தில் உறுமிக்கொண்டும் தெருவில் ஊர்ந்துகொண்டுமே நாட்களைக் கழிக்கும் புது இஞ்சினில் அந்த அழுத்தம் போதாமற்போகிறது. ரிங்கைத் தாண்டிய ஆயில் சுவரிலேயே காய்ந்து, பளபளப்பான படலமாகப் படிந்து, கீறிய கோடுகளை மூடிவிடுகிறது. அப்படிப்பட்ட இஞ்சின் பிற்காலமெல்லாம் ஆயில் குடிக்கும். மிதமிஞ்சிய செல்லம் கொடுப்பதும் தீங்காகலாம் என்பதற்கு இதுவே ஆதாரம்.

மெதுவாக ஓட்டு என்னும் உபதேசம் பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. அன்றைய கடைசலின் நுட்பம் குறைவு. பேரிங்குகள் இறுக்கமாக இருக்கும். ஆயிலும் இன்றைய பக்குவம் பெறாதது. அவசரப்பட்டு மிதித்தால் உஷ்ணம் ஏறிப் பிஸ்டனே இறுகிப்போகும் அபாயம் உண்டு. இங்கிலாந்தில், இது ரன்னிங் இன் வண்டி, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள் என்ற அட்டையைப் பின் கண்ணாடியில் தொங்கவிடுவது வழக்கமாகவே இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு 1958-இல் உத்தர்பாராவில் அம்பாஸடராகவும், டிரையம்ஃப் ஹெரால்டு சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவும் பிறவி எடுத்தபோது, அவற்றின் விரதமும் கூடவே வந்து சேர்ந்தது. அம்பாஸடர் 2014-இல் நின்றுபோயிற்று, விரதம் நிற்கவில்லை. இன்று தொழிற்சாலையிலேயே இஞ்சினைச் சோதித்து அனுப்புகிறார்கள். அதன்பின் வண்டியை லாரியில் ஏற்றி, இறக்கி, கிடங்கில் நகர்த்தி, ஷோரூமுக்கு ஓட்டி வந்தவர்கள் குளிர்ந்த இஞ்சினை எப்படி மிதித்தார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியவே போவதில்லை. கன்னித்தன்மையைக் காப்பதாக எண்ணி விரதம் பூணுகிறவர் இதையும் சற்று யோசிக்கலாம்.

இந்தச் சம்பிரதாயத்தின் மூலக் குறை, சுமையைக் கவனிக்காமல் வேகமானியை மாத்திரம் பார்ப்பது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போய், கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏறக்குறைய 1100 மீட்டர் உயரத்தை எட்டும் பொன்முடிப் பாதையில் இக்குறை பிரத்தியட்சமாகிறது. 50-ஐத் தாண்ட மாட்டேன், இஞ்சினையும் அலற விடமாட்டேன் என்று சங்கற்பம் செய்துகொண்டவர், 30 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். வண்டி திணறும், இஞ்சின் முக்கும், ஆக்ஸிலரேட்டரோ அடிவரை மிதிபட்டிருக்கும். வேகம் குறைவு, சுழற்சி குறைவு, ஆனால் பிஸ்டனின்மேலும் பேரிங்கின்மேலும் விழும் அடி மிக அதிகம். சுசூக்கியின் கையேடுகள் முதல் 960 கிலோமீட்டருக்கு, அதாவது பழைய 600 மைலுக்கு, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர், முழுதாக மிதிக்காதீர் என்பதோடு, உயர்ந்த கியரில் மெதுவாக ஓட்டாதீர் என்றும் எச்சரிக்கின்றன. பெரியவர்களின் நினைவில் முதல் இரண்டும் தங்கி, மூன்றாவது எப்படியோ நழுவிவிட்டது. இரண்டாவது கியரில், மிதமான சுழற்சியில், வளைவுக்கு வளைவு ஏற்றியும் இறக்கியும் செல்லும் வண்டிக்கு அந்த மலை உபாத்தியாயரே ஆகும். நாலுவழிச் சாலையில் 60-இலேயே மணிக்கணக்காக ஓடுவதைவிட அது நிச்சயம் மேல்.

இதற்கு நேர்மாறாக, புது இஞ்சினை முதல் நாளே முழு மூச்சாக ஓட்டித் தீர வேண்டும் என்று வாதிக்கும் கட்சியும் உண்டு. அவர்கள் விமான இஞ்சினைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். லைகமிங் நிறுவனம் தன் பிஸ்டன் இஞ்சின்களைத் தொடக்கத்தில் உயர்ந்த சக்தியிலேயே ஓட்டி, ஆயில் செலவு நிலைப்படும்வரை அப்படியே பழக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் அது காற்றால் குளிரும், அகன்ற சிலிண்டர்கள் கொண்ட வேறு ஜாதி யந்திரம்; பறப்பதில் பெரும்பகுதியும் அதற்கு உயர்ந்த சக்தியிலேதான். அந்த விதியை மூன்று சிலிண்டர் டர்போ வண்டிக்கு அப்படியே பொருத்துவது, பயத்தின் இடத்தில் வீராப்பை உட்காரவைப்பதாகும்.

பெரியவரின் தடை எங்கே நியாயம் பெறுகிறது என்றால், இறக்கத்தில். இஞ்சினைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட, புது பிரேக் பேடுகளும் டிஸ்கோடு உராய்ந்து பழக வேண்டியவை என்பதும், புது டயரின் மேற்பரப்பு சில நூறு கிலோமீட்டர் தேய்ந்த பிறகே சாலையை முழுதாகப் பற்றும் என்பதும் பேச்சில் வருவதில்லை. வண்டியின் கிளட்சும் அகலமும் இன்னும் காலுக்கும் கண்ணுக்கும் பிடிபடாத ஒருவர், மூடுபனி இறங்கும் மாலையில், நனைந்த சாலையில், 22 வளைவுகளையும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால், பழகாத பேடுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய டிரைவர்களின் விதியை, பொன்முடிக்குப் போய்வரும் அரசுப் பேருந்தின் பின்னால் சற்றுப் பொறுமையாக இறங்கினால் கண்ணாலேயே கற்கலாம். ஆகவே முதல் வாரத்தில் மலை வேண்டாம் என்பதற்கு நானும் சம்மதிக்கிறேன், பிஸ்டனுக்காக அன்று.

ஆயிலை முன்கூட்டியே மாற்றுவது பற்றியும் ஒரு சொல். இரும்புத்தூள் கலந்திருக்கும், 1000-இலேயே வடித்துவிட வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் பிடிவாதம். குறித்த சர்வீஸ் காலம் வரும்வரை மாற்றாதீர் என்பது ஹோண்டாவின் கையேடு. யந்திரத்தைச் செய்தவன் பேச்சைக் கேட்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது. ஆனால் விவாதம் தீராது. ஒரே இஞ்சினை ஒருமுறை மெல்லவும் ஒருமுறை கடுமையாகவும் பழக்கி ஒப்பிட ஒருவராலும் இயலாது. பலன் தெரிவதும் லட்சம் கிலோமீட்டருக்கு மேல், ஆயில் குச்சியில் கோடு இறங்கத் தொடங்கும்போதுதான். அதற்குள் முதல் சொந்தக்காரர் வண்டியை விற்றுவிட்டிருப்பார். அவர் காத்த விரதத்தின் பலன், உண்டென்றால், இரண்டாம் கை வாங்குகிறவருக்குப் போய்ச் சேருகிறது. அவரோ மீட்டரைப் பார்க்கிறார், டயரைத் தட்டுகிறார், இன்ஷூரன்ஸைக் கேட்கிறார், முதல் 1000 கிலோமீட்டரைப் பற்றி வாயே திறப்பதில்லை.