பட்டியல் சொல்லாததைச் சொல்வதே விளக்கம்

மனித மரபணுக்களுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் சூட்டுவது எச்.ஜி.என்.சி. என்ற பெயரிடல் குழு. இந்தப் பெயரிடலுக்கான முதல் நெறிமுறைகள் 1979இல் வெளிவந்தன. இன்று ஏற்புப் பெற்ற குறியீடுகள் 43,000ஐத் தாண்டிவிட்டன. இந்தத் தரவை நிரல்கள் நேரடியாகக் கேட்டுப் பெறக் குழு ஒரு சர்வரை நடத்துகிறது. அங்கே மூன்று வகைக் கோரிக்கைகள் உண்டு. ஒரு மரபணுவின் முழுப் பதிவையும் ‘ஃபெட்ச்’ எடுத்துத்தரும். பொருந்தக்கூடிய பதிவுகளை ‘சர்ச்’ தேடித்தரும். ‘இன்ஃபோ’ மட்டும் சர்வர் தன்னைப் பற்றியே தரும் அறிக்கை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு இத்தகைய சேவைகளைக் கருவிகளாக்கித் தரும் பழக்கம், 2024 நவம்பரில் அந்த இணைப்புக்கான எம்சிபி நெறிமுறை வெளியான பிறகு வேகமெடுத்திருக்கிறது. அதனால் ‘இன்ஃபோ’வுக்கு எழுதப்படும் சில வரி விளக்கத்தை மனிதர் மட்டுமல்ல, மாதிரியும் படித்து முடிவெடுக்கிறது.

‘இன்ஃபோ’ தருபவை நான்கே: தரவு கடைசியாக மாறிய நேரம், பதிவுகளின் எண்ணிக்கை, தேடக்கூடிய புலங்கள் (பதிவின் தகவல் பகுதிகள்), சேமிக்கப்பட்ட புலங்கள். இந்தச் சிக்கனம் ஒரு பலம். புலங்களின் பெயரை நிரலுக்குள் நிரந்தரமாக எழுதிவைக்காமல் சர்வரிடமே கேட்டுக்கொள்ளலாம். புதிய புலம் சேர்ந்தால் நிரல் உடையாது. தேடக்கூடியது வேறு, சேமிக்கப்பட்டது வேறு என்று பிரித்துக் காட்டுவதும் நல்ல வடிவமைப்பு. குரோமோசோமில் மரபணு எங்கே இருக்கிறது என்பது பதிவில் கிடைக்கும். அதை வைத்துத் தேட முடியாது. இது முன்பே தெரிந்தால் வீண் கோரிக்கைகள் குறையும். நொடிக்குப் பத்துக் கோரிக்கைகளுக்கு மேல் அனுப்பக்கூடாது என்ற வரம்புள்ள சர்வரில் அது சிறிய லாபமல்ல. மாறிய நேரத்தைக் குறித்துவைக்கும் ஆய்வாளர், தாம் எந்த நாளின் தரவைப் பயன்படுத்தினார் என்பதைப் பின்னாளில் நிறுவவும் முடியும்.

குறை தொடங்குவது புலத்தின் பெயரைத் தாண்டிய இடத்தில். பேருந்தின் முகப்புப் பலகை போய்ச்சேரும் ஊரைச் சொல்லும். வழியில் எங்கே நிற்கும் என்று சொல்லாது. முந்தைய குறியீடு, மாற்றுக் குறியீடு என்று இரண்டு புலங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் ஒரே பெயர் இரண்டு மரபணுக்களுக்கு உரியதாக இருக்கலாம் என்பதை எந்தப் பட்டியலும் உணர்த்தாது. எம்எல்எல்2 என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இன்று கேஎம்டி2டி, கேஎம்டி2பி எனப்படும் இரு வெவ்வேறு மரபணுக்களையும் ஆய்வுக்கட்டுரைகள் இந்தப் பெயரால் அழைத்திருக்கின்றன. எம்எல்எல்4 என்ற பெயருக்கும் இதே கதைதான். இவற்றுள் கேஎம்டி2டியில் நேரும் பிறழ்வு கபுக்கி நோய்க்குறிக்குக் காரணம். பழைய கட்டுரையொன்றில் எம்எல்எல்2 என்று படித்த மாதிரி, புலம் தேடக்கூடியது என்பதால் தேடி, முதலில் வந்த விடையை எடுத்துக்கொண்டால், தவறான மரபணுவோடு நோயை முடிச்சுப்போட்டுவிடும். சர்வர் பிழை எதையும் காட்டாது.

எண்ணிக்கையும் அப்படித்தான். பதிவுகளின் மொத்தத்தை மனித மரபணுக்களின் எண்ணிக்கை என்று படித்துவிடுவது எளிது. ஆனால் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் ஏறத்தாழ 19,000தான். போலி மரபணுக்களும் புரதமாகாத ஆர்என்ஏவுக்கான மரபணுக்களும் சேர்ந்தே மொத்தம் இரு மடங்கைத் தாண்டுகிறது. மாறிய நேரமும் முழுத் தரவுக்கும் பொதுவானது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் பெயர் எப்போது மாறியது என்பதை அதன் பதிவுக்குள் பார்த்தால்தான் தெரியும்.

மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்எச்ஐஆர் தரத்தில் சர்வர் தன் திறன்களை அறிவிக்கும்போது, ஒவ்வொரு தேடல் அளவுருவுக்கும் அதன் வகையைச் சொல்லியாக வேண்டும். விளக்கம் எழுதவும் தனி இடம் உண்டு. எச்.ஜி.என்.சி. சர்வரின் அறிக்கையிலோ வெறும் பெயர்கள். அதற்காக அதைக் குறைசொல்லிவிட முடியாது. எஃப்எச்ஐஆர் அறிவிப்பு பக்கம் பக்கமாக நீள்வதும், பலர் அதைப் படிக்காமல் தாண்டிப்போவதும் அத்துறையினர் அறிந்தவை. சில புலங்களே கொண்ட சேவைக்கு அந்தக் கனம் தேவையில்லை. சர்வர் சுருக்கமாக இருக்கலாம். அதன் ஆவணமும் அதே அளவில் நின்றுவிடுவதுதான் சிக்கல்.

கருவிக்கு விளக்கம் எழுதுவோரில் பலர், திரும்பிவரும் நான்கு விவரங்களை அடுக்கி, புலப்பட்டியலையும் நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்கள். மாதிரி, கோரிக்கை அனுப்பாமலே பட்டியலைக் காணலாம் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் ஒட்டிய அன்றிலிருந்தே அந்த நகல் பழசாகத் தொடங்குகிறது. நேரில் கேட்டு அறிவதற்காக உருவான கருவியை அதன் ஆவணமே தேவையற்றதாக்கிவிடுகிறது. பட்டியலில் இல்லாதவற்றை எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை: பழைய பெயரில் தேடினால் எல்லா விடைகளையும் பார்க்கவேண்டும், மொத்த எண்ணிக்கையில் எவை அடங்கும், ஒரு வேலையின் தொடக்கத்தில் ஒருமுறை அழைத்தால் போதும், மரபணுவைப் பற்றிய கேள்விக்கு இந்தக் கருவி விடைதராது.

பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதும் இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. எக்செல் மென்பொருள் மார்ச்1, செப்ட்1 ஆகிய குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிக் கெடுத்ததால், குழு அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என மாற்றியது. பழைய பெயர்கள் முந்தைய குறியீடு என்ற புலத்தில் வாழ்கின்றன. அந்தப் புலம் இருக்கிறது என்று ‘இன்ஃபோ’ சொல்லும். 2015ஆம் ஆண்டுக் கட்டுரையின் மரபணுப் பட்டியலை இன்று ஆராய்பவர் அந்தப் புலத்தைக் கட்டாயம் தொடவேண்டும் என்று ஆவணம்தான் சொல்லவேண்டும். அந்த ஒரு வரி இல்லாத ஆவணம், எத்தனை ஒழுங்காக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.