செத்தவன் சாட்சி சொல்லாத படம்

‘அந்த நாள்’ என்று பேச்செடுத்தால் போதும், மூன்று தகவல்கள் வரிசையாக வந்து விழும். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். எடுத்தவர் வீணை எஸ். பாலசந்தர், சங்கீதக்காரர். அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ பார்த்த பாதிப்பில் எடுத்தது. மூன்றும் சரிதான். ஆனால் 1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்ட இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு அநேகமாக இந்த மூன்றோடு நின்றுவிடுகிறது. பாட்டு இல்லை என்று சொல்லி முடித்ததும் படத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே கேட்கப் போகிறேன். கொலை செய்தது யார் என்பதைச் சொல்லாமல் அதை எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வரலாம்.

கதை நடப்பது 1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் தன் வீட்டில் சுடப்பட்டுச் சாகிறான். ராஜனாக வருபவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் படம் ஆரம்பித்த கையோடு காலி! ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி. அதிகாரியாக வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு பழகிய பெண், மனைவி உஷா. ஒருவர் மேல் ஒருவர் சந்தேகத்தைத் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் வேறொரு ராஜன் வருகிறான். கடைசியில் தெரிகிறது, சுட்டது உஷா. ராஜன் ஜப்பானுக்கு ரகசியங்களை விற்ற உளவாளி. அவனைத் தடுக்க அவளுக்கு வேறு வழி இல்லை.

இப்படிப்பட்ட படத்தை மறுபடி மறுபடி பார்க்க முடியுமா? முடிச்சு அவிழ்ந்த பிறகு என்ன மிச்சம்? தியேட்டர் காலத்தில் இது நியாயமான கேள்வி. வீட்டில் வீடியோ வந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. 

பினாங்கில் என் தலைமுறைக்குப் பழைய படங்கள் வி.சி.டி.யாகத்தான் வந்து சேர்ந்தன. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் நடந்தாலே கடை வாசல் ஸ்பீக்கர்கள் பாட்டுப் போட்டு ஆளை இழுக்கும். அந்த வியாபாரமே பாட்டை நம்பித்தான். ‘பாசமலர்’ வேணுமா, ‘படகோட்டி’ வேணுமா, ஸ்பீக்கரில் இரண்டு வரி ஓடினால் போதும், சிடி விற்றுவிடும். ‘அந்த நாள்’ படத்துக்கு அங்கே என்ன போட்டுக் காட்டுவார்கள்? நான் கேட்டபோது கடைக்காரர் அடுக்கின் அடியில் தேடி எடுத்துக் கொடுத்தார். “பாட்டு இல்லாத படம் தம்பி, தெரிஞ்சுதானே வாங்குறீங்க?” என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வி.சி.டி. ஏழைகளின் வடிவம். 352-க்கு 288 புள்ளிகளில் படம். ஒரு சிடியில் 74 நிமிஷம்தான் பிடிக்கும். அதனால் எந்தத் தமிழ்ப் படமும் இரண்டு சிடி, சில சமயம் மூன்று. இதில் முதலில் அடிபடுவது இருட்டு. ‘அந்த நாள்’ படத்தின் ஒளிப்பதிவாளர் எஸ். மாருதி ராவ். முகத்தில் பாதியை நிழலில் வைத்து, மாடிப்படியின் நிழலைச் சுவரில் ஏற்றி எடுத்தவர். வி.சி.டி.யில் அந்த நிழலெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, கறுப்பு ஓடு பதித்த சுவர் மாதிரி நிற்கும். காதுக்கு மட்டும் நஷ்டமில்லை, வசனம் தெளிவாகக் கேட்கும். பழைய தமிழ் சினிமா என்றால் வெறும் வசனம் என்று எங்களில் பலர் தீர்ப்புச் சொன்னதில் இந்த சிடிக்கும் ஒரு பங்கு உண்டு. கண்ணுக்கானதைக் கரைத்துவிட்டுக் காதுக்கானதை மட்டும் மிச்சம் வைத்தால் வேறு என்ன தோன்றும்? பிறகு நல்ல பிரதியில் பார்த்தபோது சில முகங்களையே புதிதாகப் பார்ப்பது போலிருந்தது. ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய மொழி நம்முடையது. சினிமா பிரதிகளுக்கும் அந்தக் கண் வேண்டும்.

ஆனாலும் அந்த மட்டமான வடிவம்தான் ஒரு பெரிய வசதியைத் தந்தது. நிறுத்தலாம். பின்னால் போகலாம். ஒரு வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு முந்தையதை மறுபடி போடலாம். அதாவது, விசாரணை அதிகாரியின் நாற்காலியில் நாமே உட்காரலாம். ‘ரஷோமோன்’ பாதிப்பு என்று ஒப்புக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

நான் அப்படிப் பார்த்தபோது முதலில் உறுத்தியது இது. 1950-இல் வந்த ‘ரஷோமோன்’ படத்தில் செத்துப்போன சாமுராய்க்கும் சாட்சி சொல்ல இடம் இருக்கிறது. ஒரு பெண்மேல் ஆவியாக வந்து தன் தரப்பைச் சொல்கிறான். அவன் சொல்வதும் முழு உண்மை இல்லை. ஆனால் அவனுக்கும் ஒரு முறை வாய் திறக்க விட்டார் குரோசவா. ‘அந்த நாள்’ படத்தில் ஐந்து பேர் பேசுகிறார்கள். செத்தவனுக்கு மட்டும் வாய்ப்பில்லை. அவன் கண்டுபிடிப்பை இங்கே மதிக்கவில்லை, அந்தக் கசப்பில் ஜப்பான் பக்கம் போனான் என்ற விளக்கம் நமக்கு எப்படிக் கிடைக்கிறது? உஷா வழியாக. அவனைச் சுட்டவள் வாயால்தான் அவன் நியாயத்தையே கேட்கிறோம். அதோடு, குரோசவா எந்த வாக்குமூலத்துக்கும் முத்திரை குத்தவில்லை. பாலசந்தர் நாலு பேர் சொன்னதைச் சந்தேகத்தில் விட்டுவிட்டு, கடைசி வாக்குமூலத்துக்கு மட்டும் உண்மை என்று முத்திரை குத்திப் படத்தை மூடுகிறார்.

இதோடு ‘பராசக்தி’யையும் சேர்த்துப் பாருங்கள். 1952 அக்டோபரில் வந்த படம். அதே ஏவி.எம். ஸ்டூடியோ, அதே மாருதி ராவ், அதே ஜோடி: சிவாஜியும் பண்டரிபாயும். அந்தப் படத்தில் குணசேகரன் குற்றவாளிக் கூண்டில் நின்று ஊரையே எதிர்க்கேள்வி கேட்கிறான். தமிழ் சினிமாவில் ஒரு குற்றவாளிக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு அந்த நீதிமன்றக் காட்சி. ஒன்றரை வருஷம் கழித்து அதே நடிகர் இன்னொரு குற்றவாளி. இந்தத் தடவை நீதிமன்றமே கிடையாது. மனைவியே போலீஸ், மனைவியே நீதிபதி. வறுமையால் கெட்டவனுக்குத் தன் கதையைச் சொல்ல உரிமை உண்டு, நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு இல்லை என்று 1950-களின் தமிழ் சினிமா முடிவு செய்திருந்ததா?

பினாங்கில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கனம் கூடுதல். என் பாட்டி ஜப்பான் காலத்தில் சிறுமி. மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர். அவருடைய பெரியண்ணன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. ஜப்பான்காரன்மேல் அவருக்கு ஒரு துளி பாசம் கிடையாது. என்னோடு உட்கார்ந்து படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “ஏன்டா, அவன் யாரைக் காட்டிக்கொடுத்தான்? வெள்ளைக்காரனையா? அதுக்கா இந்தப் பிள்ளை புருஷனைச் சுட்டுச்சு?”

எனக்குத் தெரிந்து இந்தப் படத்தைப் பற்றிய மிகக் கூர்மையான விமர்சனம் இதுதான். 1943-இல் ராஜன் விற்ற ரகசியம் யாருடைய ரகசியம்? பிரிட்டிஷ் அரசுடையது. உஷா ‘நாடு’ என்று சொல்லும்போது, 1954-இல் கேட்கிறவருக்குச் சுதந்திர இந்தியா ஞாபகம் வரும். கதை நடக்கும் வருஷத்தில் அந்த நாட்டுக்குச் சொந்தக்காரன் வெள்ளைக்காரன். படம் இந்தப் பதினொரு வருஷத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது.

அந்தப் பதினொரு வருஷத்தின் இன்னொரு முனை பினாங்கில் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன்மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது, பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் அழைத்துக்கொண்டு தீவைவிட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, குண்டுவீச்சு நிற்க வழி செய்தவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். பிறகு இதே பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில் சுவராஜ் நிறுவனம் நடந்தது. இந்திய இளைஞர்களுக்கு அங்கே உளவுப் பயிற்சி. 1942-இல் அவர்களில் சிலரை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியக் கரையில் இறக்கினார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ‘அந்த நாள்’ கதைக்கு ஒரு மாதம் முன்னால், அதே ஊரில்! கதை நடக்கும் அதே அக்டோபரில், 21-ஆம் தேதி, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார்.

ராஜன் தியாகி என்று வாதாட இதையெல்லாம் சொல்லவில்லை. தனக்குத் தெரியாமல் மாணவர்களை ஜப்பானியர் கொண்டுபோனதை எதிர்த்து ராகவனே சுவராஜ் நிறுவனத்தை இழுத்து மூடினார். சயாம் ரயில்பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் மடிந்தார்கள், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அதைத்தான் பேசுகிறது. ஜப்பானை நம்பியது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு எங்கள் வீட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. உஷாவின் பயம் பொய்யில்லை. ஆனால் அந்த வருஷத்தில் ஒரு தமிழனுக்கு முன்னால் இருந்தது நாடா, துரோகமா என்ற சுலபமான கேள்வி இல்லை. ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியனை மெடானிலும் பினாங்கிலும் அலையவிட்டு, அவன் மனக்குழப்பத்தை அவன் வாயாலேயே பேசவைத்தார். அவர் நாவலுக்கு அது முடிந்தது. ராஜனுக்கு அது கிடைக்கவில்லை. பாலசந்தரின் படம் வடிவத்தில் அவ்வளவு துணிச்சல் காட்டியது: பாட்டை எடுத்தது, நாயகனைக் கொன்றது, கதையை ஐந்தாக உடைத்தது. கதையின் மையத்தில் இருக்கும் குற்றத்தைப் பற்றி மட்டும் யோசிக்கப் பயந்தது. அந்தப் பயம் தெரிந்த பிறகு இந்தப் படம் எனக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது. 27 வயசு இயக்குநர் தன் காலம் அனுமதித்த எல்லைவரை போய் நின்ற இடம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

பழைய படங்களைச் சேர்ப்பவர்களை நினைவேக்கம் பிடித்தவர்கள் என்று கிண்டல் செய்வது சுலபம். சிலர் அப்படித்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கையில் ஒரு பிரதி இருந்தால்தான் ஒரு படத்தோடு சண்டை போட முடியும். இப்போது நல்ல பிரதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாருதி ராவின் நிழலும் ஓரளவு திரும்பி வந்துவிட்டது. நீங்கள் ‘அந்த நாள்’ பார்க்கும்போது, உஷா தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அதுவரை நாலு பேர் சொன்னதைச் சந்தேகப்பட்டீர்கள் அல்லவா? அந்தச் சந்தேகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி ஓடவிடுங்கள்.